பிரசிடியோ கவுண்டி, மேற்கு டெக்சாஸ்: நூறு வருஷத்துல ஜனத்தொகை பாதியா போனது எப்படி?

எண்ணெய்வயல்:
மக்களே, ஒரு விஷயம் ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டே இருக்கு. மேற்கு டெக்சாஸ்ல பிரசிடியோ கவுண்டின்னு ஒண்ணு (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), ரியோ கிராண்டே ஆத்தங்கரைல, ஆத்துக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. பரப்பளவு 3,856 சதுர மைல், அதாவது கிட்டத்தட்ட பத்தாயிரம் சதுர கிலோமீட்டர். 2020 சென்சஸ்ல மொத்தமே 6,131 பேர், சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆள் கூட தேறாது. ஆனா 1920ல இதே கவுண்டில 12,202 பேர் இருந்திருக்காங்க. 2010ல கூட 7,818. பத்தே வருஷத்துல 1,687 பேர் குறைஞ்சிருக்காங்க, அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல. நான் டெக்சாஸ் ஒடேசா பக்கம் எண்ணெய் வயல்ல வேலை பாக்குறேன், இங்க யாரைக் கேட்டாலும் "மார்ஃபாவுக்கு ஆர்ட் கூட்டம் வந்துச்சு, வீட்டு விலை ஏறிச்சு, உள்ளூர்க்காரங்க கிளம்பிட்டாங்க"ன்னு ஒரே பதில் தான். மார்ஃபா தான் இந்த கவுண்டியோட தலைநகரம். அது மட்டும் தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வரைபடப்பித்தன்:
அந்த பதில் பாதி கூட சரியில்ல தம்பி. ஊர் ஊரா பிரிச்சுப் பாருங்க. மார்ஃபா 2010ல 1,981, 2020ல 1,788, குறைஞ்சது 193. தெற்க ஆத்தங்கரைல இருக்குற பிரசிடியோ டவுன் 4,426ல இருந்து 3,264, அதாவது 1,162 பேர். மிச்சம் இருக்குற ரேஞ்சுகள் (மாட்டுப் பண்ணைகள்), சின்ன கிராமங்கள் எல்லாம் சேத்து 332. ஆக பத்துல ஏழு பேர் குறைஞ்சது பிரசிடியோ டவுன்ல, அங்க எந்த ஆர்ட் கேலரியும் போய் வீட்டு விலையை ஏத்தல. மார்ஃபால வீட்டு விலை ஏறினது உண்மை தான், அங்க பிறந்து வளந்தவங்களுக்கு அது பெரிய வலி, அதை நான் சின்னதா பேசல. ஆனா இந்த 1,687க்கு காரணம் அங்க இல்ல.

ஆஸ்டின்_அக்கா:
நான் பழைய சென்சஸ் நம்பர்களை எடுத்துப் பாத்தேன். 1880ல 2,873, 1890ல 1,698. அப்ப தான் ரயில் வருது, மார்ஃபா உருவாகுது, ஜனம் கூடணும்ல, ஏன் குறையுது? அப்பவும் யாராவது விரட்டினாங்களா?

வரைபடப்பித்தன்:
இல்லக்கா, அது கவுண்டியையே வெட்டினதால வந்தது. கொஞ்சம் பின்னாடி இருந்து சொல்றேன், பொறுமையா படிங்க.

மெக்சிகோல இருந்து வர்ற கோன்சோஸ் ஆறு ரியோ கிராண்டேல கலக்குற இடம் தான் இந்த கவுண்டியோட மூலம், லா ஹுண்டான்னு பேரு. கிட்டத்தட்ட கிபி 1200லயே அங்க விவசாய கிராமங்கள் இருந்துச்சு, சோளம், பீன்ஸ், பூசணின்னு வெள்ளம் வடிஞ்ச மண்ணுல விதைச்சு வாழ்ந்த ஜனங்க, வியாபாரம் பண்ற ஹுமானோ மக்களும் அங்க வந்து போவாங்க. 1535ல ஸ்பெயின் நாட்டுப் பயணி கபேசா தே வாகா அந்த வழியா நடந்து போறாரு, 1680கள்ல பாதிரியார்கள் வந்து மிஷன் போடுறாங்க, 1760 வாக்குல ஸ்பெயின்காரங்க ஒரு கோட்டை கட்டுறாங்க, பிரசிடியோங்கிற பேரு அந்தக் கோட்டையால வந்தது. இதெல்லாம் ஆத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே ஊர்க்கூட்டமா இருந்த காலம். 1848ல அமெரிக்கா மெக்சிகோ போர் முடிஞ்சு ஒப்பந்தம் போட்டு ஆறு தான் எல்லைன்னு கோடு கிழிச்சாங்க. தென்கரை மெக்சிகோவோட ஓஹினாகா, வடகரை அமெரிக்காவோட பிரசிடியோ. அதே வருஷம் பென் லீட்டன்னு ஒருத்தர் வந்து இந்தக் கரைல மண் கோட்டை மாதிரி ஒரு பெரிய வீட்டைப் பிடிச்சு வியாபாரம் ஆரம்பிக்கிறாரு, ஃபோர்ட் லீட்டன், இப்பவும் நிக்குது, போய்ப் பாக்கலாம்.

1850ல கவுண்டியை பேப்பர்ல உருவாக்கினப்ப அது ரொம்ப பெருசு. நிஜமா நிர்வாகம் நடந்தது 1875ல தான், தலைநகரம் அப்போ வடக்க ஃபோர்ட் டேவிஸ். 1885ல தலைநகரத்தை மார்ஃபாவுக்கு மாத்துறாங்க, 1886ல அங்க அந்த அழகான கோர்ட் கட்டிடம், 1887ல ப்ரூஸ்டர், ஜெஃப் டேவிஸ்னு துண்டு துண்டா பிரிச்சுடுறாங்க. ஃபோர்ட் டேவிஸ் ஜனமெல்லாம் வேற கவுண்டி கணக்குக்குப் போயிடுச்சு. அதனால 1890 நம்பர் விழுந்துச்சு, ஒரு ஆள் வீட்டை காலி பண்ணாமலேயே. இந்த கவுண்டி நம்பரைப் படிக்கும்போது முதல்ல கேக்க வேண்டிய கேள்வி கோடு எங்க இருந்துச்சு, யாரு கிழிச்சாங்கன்னு தான்.

எண்ணெய்வயல்:
அருமை அண்ணே. அப்ப 1910ல 5,218 இருந்தது 1920ல 12,202 ஆனது? பத்து வருஷத்துல ரெண்டு மடங்குக்கும் மேல! அங்க எண்ணெயும் இல்லையே.

பழையரயில்:
இது என் ஏரியா, நான் சொல்றேன். 1883ல ரயில் எஞ்சினுக்கு தண்ணி புடிக்கிற இடமா ஆரம்பிச்சது தான் மார்ஃபா, ஆத்துக்கு 60 மைல் வடக்க, மேட்டு நிலப் புல்வெளில. அதே வருஷம் மார்ஃபாவுக்கும் ஆத்துக்கும் நடுவுல இருக்குற ஷாஃப்டர்ல வெள்ளிச் சுரங்கம் தொடங்குது. 1880ல ஜான் ஸ்பென்சர்ங்கிறவர் தாதுக் கல்லைக் கண்டுபிடிச்சு ராணுவ அதிகாரி ஷாஃப்டர்கிட்ட காட்ட, அவர் பேர்லயே ஊரு. 1942 வரைக்கும் அங்கங்க நின்னு நின்னு ஓடின சுரங்கம், வேலை செஞ்சவங்கள்ல பெரும்பாலும் ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்த மெக்சிகோ தொழிலாளிங்க.

ஆனா 1910க்கு அப்புறம் ஏறினதுக்கு பெரிய காரணம் மெக்சிகோ புரட்சி. 1914 ஜனவரில புரட்சித் தலைவர் பாஞ்சோ வியாவோட படை ஓஹினாகாவைப் பிடிச்சப்ப, தோத்த அரசாங்க ராணுவம், அவங்க பொண்டாட்டி பிள்ளைங்க, ஊர் ஜனம்னு ஆயிரக்கணக்கான பேர் ஒரே ராத்திரில ஆத்தைக் கடந்து பிரசிடியோவுக்குள்ள வந்துட்டாங்க. அமெரிக்க குதிரைப்படை அவங்களை நாலு நாள் நடக்க வச்சு மார்ஃபா வரைக்கும் கூட்டிட்டு வந்து, அங்க ரயில் ஏத்தி எல் பாசோ முகாமுக்கு அனுப்பினாங்க. அந்தக் கூட்டம் இங்க தங்கல, ஆனா அவங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் குடும்பம் குடும்பமா வந்தவங்க நிறைய பேர் இங்கயே தங்கிட்டாங்க. எல்லையைக் காக்கறேன்னு 1911ல இருந்தே மார்ஃபால ராணுவ முகாம் இருந்துச்சு, வருஷா வருஷம் சிப்பாய் எண்ணிக்கை கூடுது. போதாததுக்கு ஆத்தங்கரைல தண்ணி இறைச்சு பருத்தி போட ஆரம்பிக்கிறாங்க. அகதி, சிப்பாய், சுரங்கக்காரன், பருத்திக் கூலி, இவ்வளவு பேரும் சேந்து தான் அந்த 12,202.

ஆஸ்டின்_அக்கா:
ஐயா நீங்க சொன்னதோட ஒண்ணு சேக்கணும், ஏன்னா 1920ஐ வளர்ச்சின்னு மட்டும் படிச்சா எனக்கு ஒப்பல. அந்த சென்சஸ்க்கு ரெண்டு வருஷம் முன்னாடி இதே கவுண்டில ஒரு கிராமமே இல்லாம போச்சு.

போர்வெனிர்னு ஆத்தங்கரை கிராமம், ஏழை விவசாயக் குடும்பங்க, ஆடு மாடு, கொஞ்சம் பயிர். 1917 கிறிஸ்துமஸ் அன்னைக்கு பிரைட் ரேஞ்ச்ங்கிற பெரிய பண்ணையை மெக்சிகோ பக்கத்துல இருந்து ஒரு கூட்டம் வந்து கொள்ளையடிச்சாங்க, அதுக்கும் போர்வெனிர் ஜனத்துக்கும் சம்பந்தம்னு ஒரு ஆதாரமும் இல்ல. ஆனாலும் 1918 ஜனவரி 28 விடியக்காலைல டெக்சாஸ் ரேஞ்சர் போலீஸும் உள்ளூர் பண்ணைக்காரங்களும் கிராமத்துக்குள்ள நுழைஞ்சு, 15 ஆம்பளைங்களை பிரிச்சு கூட்டிட்டுப் போய் சுட்டுக் கொன்னாங்க. அதுல சின்னப் பசங்களும் உண்டு. யார் கையிலயும் ஆயுதம் கிடையாது. குதிரைப்படைக்காரங்களும் அப்ப கூட வந்திருந்தாங்க. மிச்சம் இருந்த 140 பேர் மாதிரி, பொம்பளைங்க, குழந்தைங்க, வயசானவங்க, ஆத்தைக் கடந்து மெக்சிகோவுக்கு ஓடிட்டாங்க, கிராமத்தை எரிச்சுட்டாங்க. ஹாரி வாரன்ங்கிற பள்ளிக்கூட வாத்தியார் செத்தவங்க பேரை ஒவ்வொண்ணா எழுதி வச்சாரு, அவரால தான் அந்த பேரெல்லாம் இன்னைக்கு நமக்குத் தெரியுது. 1919ல ஹோசே கனாலெஸ்ங்கிற எம்எல்ஏ சட்டசபைல ரேஞ்சர்கள் மேல விசாரணை நடத்த வச்சாரு. அஞ்சு ரேஞ்சரை வேலையை விட்டு எடுத்தாங்க, கேப்டன் ராஜினாமா பண்ணாரு, ஒருத்தர் மேலயும் வழக்கு நடக்கல. நூறு வருஷம் கழிச்சு 2018ல தான் மார்ஃபாவுக்கு மேற்க 90ம் நம்பர் ரோட்டோரம் அரசாங்க நினைவுப் பலகை வச்சாங்க.

1920 சென்சஸ் எடுத்தவங்களுக்கு போர்வெனிர்ல எண்ண ஆளே இல்ல. ஆனா மொத்த நம்பர் அந்த வருஷம் உச்சம். கூட்டுத்தொகை எவ்வளவு பெரிய விஷயத்தை மூடி மறைக்க முடியும்னு எனக்கு அப்ப தான் உறைச்சுது.

மழைக்காதலி:
அக்கா, இதைப் படிச்சுட்டு என்ன சொல்றதுன்னே தெரியல. அந்த 140 பேரோட வாரிசுகள் யாராச்சும் திரும்பி வந்தாங்களா?

ஆஸ்டின்_அக்கா:
வாரிசுகள் இருக்காங்கம்மா, ரெண்டு நாட்டுலயும். அந்தப் பலகை வந்ததே அவங்க விடாம கேட்டதால தான், உள்ளூர்ல சிலர் எதிர்த்தாங்க, அதையும் மீறி வந்துச்சு.

பழையரயில்:
1930ல 10,154, 1940ல 10,925, அதுவரைக்கும் ஓரளவு நின்னுச்சு. அப்புறம் பாருங்க, 1950ல 7,354, 1960ல 5,460, 1970ல 4,842. முப்பது வருஷத்துல பாதிக்கும் கீழ. இதுக்கு காரணம் தேடி ரொம்ப அலைய வேண்டாம், ஒவ்வொண்ணா கதவை சாத்திட்டாங்க. 1942ல ஷாஃப்டர் சுரங்கம் மூடினாங்க. ரெண்டாம் உலகப்போர்ல மார்ஃபா பக்கத்துல விமானப்படை பயிற்சி மைதானம் வந்துச்சு, போர் முடிஞ்சதும் அதுவும் போச்சு. 1946ல ராணுவ முகாமையே மூடினாங்க, அதுக்கு அப்போ ஃபோர்ட் டி.ஏ. ரஸ்ஸல்னு பேரு. வாஷிங்டன்ல ஒரு கையெழுத்து, இங்க டவுன்ல பாதி கடை காலி. அதோட 1950கள்ல டெக்சாஸ் முழுக்க ஏழு வருஷ பஞ்சம், புல் காஞ்சு மாட்டை வித்துட்டு ரேஞ்ச்காரங்களும் கிளம்பினாங்க. 1955ல ஹாலிவுட்காரங்க ஜெயன்ட் படத்தை மார்ஃபால எடுத்தது இந்த வறட்சிக்கு நடுவுல தான்.

மழைக்காதலி:
மார்ஃபால பிளாக்வெல் ஸ்கூல்னு ஒண்ணு கேள்விப்பட்டேன், அதுவும் இந்தக் காலம் தானே?

வரைபடப்பித்தன்:
ஆமா, 1909ல இருந்து 1965 வரைக்கும் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைங்களுக்கு மட்டும் தனியா வச்சிருந்த பள்ளிக்கூடம். சட்டத்துல அப்படி எழுதல, நடைமுறைல அப்படித்தான். ஸ்பானிஷ் பேசினா அடி. 1954ல குழந்தைங்களை துண்டுச் சீட்டுல ஸ்பானிஷ்னு எழுத வச்சு, அதை ஒரு பெட்டில போட்டு, கொடிக்கம்பம் பக்கத்துல குழி தோண்டி புதைக்க வச்சாங்க, சாவுச் சடங்கு மாதிரி. கவுண்டில பெரும்பான்மை பேசுற மொழி அது. பழைய மாணவர்கள் போராடி கட்டிடத்தைக் காப்பாத்தி, 2022ல அதை தேசிய வரலாற்றுத் தலமா அறிவிக்க வச்சாங்க. இப்படி வளந்த தலைமுறைல ஊரை விட்டுப் போனவங்களை வெறும் பஞ்சக் கணக்குல சேத்துடாதீங்க, பழையரயில் ஐயா. வேலை போனதும் உண்மை, ஆனா இங்க இருந்தா நம்ம பிள்ளைக்கு என்ன மரியாதைன்னு யோசிச்சுப் போனவங்களும் உண்டு.

பழையரயில்:
சரி தான், அதையும் சேத்துக்கணும்.

எண்ணெய்வயல்:
1970க்கு அப்புறம் திரும்ப ஏறுதே? 1980ல 5,188, 1990ல 6,637, 2000ல 7,304. இது சிற்பக் கலைஞர் டொனால்ட் ஜட் மார்ஃபாவுக்கு வந்ததாலயா?

வரைபடப்பித்தன்:
எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. ஜட் 1970கள் தொடக்கத்துல வந்தாரு, பழைய ராணுவக் கட்டிடங்களை வாங்கினாரு, 1986ல அங்க சினாட்டி ஃபவுண்டேஷன்னு கலை மியூசியம் திறந்தாங்க. அலுமினியப் பெட்டிகள் நூறு வரிசையா இருக்குற அந்த பழைய பீரங்கிக் கொட்டகைல நின்னு பாத்தா உண்மையிலேயே மூச்சு நின்னுடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா மார்ஃபா ஜனத்தொகை 1990ல 2,424, 2000ல 2,121, இறங்கிட்டே தான் வந்துச்சு. ஏறினது பிரசிடியோ டவுன், 1990ல 3,072, 2000ல 4,167. அங்க வெங்காயம், கேண்டலூப் முலாம்பழம் விளைச்சல், அதுக்கு ஓஹினாகால இருந்து வர்ற கூலி ஆளுங்க. சட்டப்படி அனுமதி இல்லாம இருந்தவங்களுக்கான 1986 பொதுமன்னிப்பு சட்டத்துல நிறைய பேருக்கு குடியிருக்க பேப்பர் கிடைச்சுது, குடும்பத்தை இந்தக் கரைக்கு கொண்டு வந்தாங்க. சோறு போட்டது ஆறு. அதுவும் ரியோ கிராண்டே இல்ல, கோன்சோஸ். மேல எல் பாசோ தாண்டினதும் ரியோ கிராண்டேல தண்ணி அனேகமா கிடையாது, அணை கட்டி எல்லாத்தையும் வாங்கிக்கறாங்க. பிரசிடியோ தாண்டி ஓடுற தண்ணில பெரும்பங்கு மெக்சிகோ மலைல பெய்ஞ்ச மழை. 1944ல ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தப்படி அதைப் பங்கு போடுறாங்க, சண்டை இன்னைக்கும் ஓடுது. 2008 செப்டம்பர்ல கோன்சோஸ் அணைகளைத் திறந்துவிட்டப்ப ரெண்டு கரையும் ஒண்ணா முழுகுச்சு. இப்ப அந்த வெங்காய விவசாயம் பழைய அளவுல இல்ல.

ஆஸ்டின்_அக்கா:
அப்ப 2020 கேள்விக்கு வருவோம். நான் நேராவே சொல்றேன், அங்க சரியா எண்ணல. பிரசிடியோ மாதிரி ஊர்ல நிறைய வீட்டுக்கு தபால்காரர் வரமாட்டாரு, எல்லாரும் போஸ்ட் ஆபீஸ் பெட்டி தான். சென்சஸ் ஃபாரம் பெட்டிக்கு வராது, ஆள் வந்து வாசல்ல வச்சுட்டுப் போகணும். 2020 மார்ச் நடுவுல அந்த வேலை தொடங்கின சில நாள்லயே கொரோனான்னு நிறுத்திட்டாங்க, திரும்ப ஆரம்பிச்சது மே மாசம். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா குடியுரிமைக் கேள்வி சேக்கப் போறாங்கன்னு பேச்சு, 2019ல சுப்ரீம் கோர்ட் தடுத்துடுச்சு, ஆனா பயம் போகுமா? பிரசிடியோல இருந்து வடக்க போனா மார்ஃபாவுக்கு முன்னாடி பார்டர் பேட்ரோல் செக்போஸ்ட். ஆஸ்பத்திரின்னா ஆல்பைன் போகணும், கிட்டத்தட்ட 90 மைல், அந்த செக்போஸ்ட்டைத் தாண்டி. வீட்டுல ஒருத்தருக்கு பேப்பர் இல்லன்னா உடம்பு சரியில்லாட்டி கூட யோசிச்சுத் தான் கிளம்புவாங்க. அந்த வீட்டுக் கதவை அரசாங்க ஆள் தட்டினா யாரு திறப்பா?

எண்ணெய்வயல்:
அக்கா, பயம் புரியுது. ஆனா கணக்கு இடிக்குதே. 2020ல ஹிஸ்பானிக் மக்களை நாடு முழுக்க 4.99 சதவீதம் குறைச்சு எண்ணிட்டோம்னு சென்சஸ் பீரோவே 2022ல சொல்லிச்சு. இங்க பத்துல எட்டு பேருக்கு மேல ஹிஸ்பானிக், சரி, மொத்தத்துக்கும் 5 சதவீதம்னே வைப்போம். 6,131க்கு பதிலா 6,450 வருது. 320 பேர் திரும்பக் கிடைச்சாங்க. இன்னும் 1,350க்கு மேல இடிக்குது. எனக்கு ஒண்ணு கண்ணால தெரியும், எங்க ஃபீல்டுல பிரசிடியோ, ஓஹினாகா பசங்க இருக்காங்க. 2010ல இருந்து பெர்மியன் எண்ணெய் வயல்ல சம்பளம் எங்கயோ போயிடுச்சு. முதல்ல தனியா வர்றாங்க, ரெண்டு வாரம் வேலை ஒரு வாரம் ஊர்னு ஓட்டுறாங்க, அப்புறம் பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிட்டு ஒடேசாவுக்கே வந்துடுறாங்க, ஏன்னா இங்க ஆஸ்பத்திரி இருக்கு, ஸ்கூல் இருக்கு. நீங்க சொன்ன அந்த 90 மைலே ஆளை கிளப்பி விடுது.

ஆஸ்டின்_அக்கா:
நாட்டு சராசரியை அங்க கொண்டு போய் வைக்க முடியாதுப்பா. அந்த 4.99ல ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சல்ஸ்ல வீட்டு நம்பரோட இருக்குறவங்களும் சேத்தி. கவுண்டி வாரியா பீரோ அந்தக் கணக்கை வெளியிடவே இல்ல. பிரசிடியோல 15 சதவீதம் விட்டுப்போயிருந்தா கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன். இது வெறும் நம்பர் சண்டை இல்ல, ரோட்டுக்கு, கிளினிக்குக்கு, ஸ்கூல் சாப்பாட்டுக்கு வர்ற பணம் பத்து வருஷத்துக்கு இந்த நம்பரை வச்சு தான் பிரிக்கறாங்க. ஆள் கம்மின்னு பணத்தைக் குறைச்சா, பணம் கம்மின்னு ஆள் கிளம்புவான்.

வரைபடப்பித்தன்:
ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணை ஒண்ணு வெட்டல. போனவங்களும் உண்டு, எண்ணாம விட்டவங்களும் உண்டு. நான் மூணாவது ஒண்ணு சொல்றேன். கண்டெலாரியான்னு ஒரு கிராமம், பிரசிடியோல இருந்து 170ம் நம்பர் ரோட்டுல ஆத்தை ஒட்டியே மேற்க போனா தார் ரோடு முடியுற இடம். எதிர்க்கரைல சான் அன்டோனியோ தெல் பிராவோ. ரெண்டுக்கும் நடுவுல ஜனங்களே போட்டுக்கிட்ட ஒரு சின்ன நடைபாலம். அக்கா இந்தக் கரை, தங்கச்சி அந்தக் கரை, கடைக்கு இங்க வருவாங்க, கல்யாணத்துக்கு அங்க போவாங்க. 2008ல பாதுகாப்புன்னு சொல்லி அமெரிக்க அதிகாரிகள் பாலத்தைப் பிடுங்கிட்டாங்க. இப்ப சட்டப்படி போகணும்னா பிரசிடியோ பாலம் வரைக்கும் சுத்தணும், கல்லு எறியுற தூரத்துக்கு பல மணி நேரம். அதுக்கு அப்புறம் அங்க யாரு குடித்தனம் நடத்துவா?

பிரசிடியோவும் அதே கதை தான், பெரிய அளவுல. ஓஹினாகா பல மடங்கு பெரிய ஊர், பல்லு டாக்டர், கண்ணாடிக் கடை, மருந்துக் கடை எல்லாத்துக்கும் பிரசிடியோ ஜனம் அங்க தான் போகுது. பாலம் திறந்து, வரிசை சின்னதா இருந்தா இந்தப் பக்கம் குடியிருக்குறது சுலபம். கெடுபிடி கூடினா குடும்பம் ஏதோ ஒரு கரையைத் தேர்ந்தெடுத்தாகணும். 2020 மார்ச் 21ல இருந்து 2021 நவம்பர் வரைக்கும் அவசியமில்லாத பயணம்னு மெக்சிகோ குடிமக்களை பாலத்துல விடல, சென்சஸ் நாள் ஏப்ரல் 1. அந்த நேரம் பாட்டியைப் பாத்துக்க அந்தக் கரைல மாட்டினவங்க எத்தனை பேர், அவங்க எந்தக் கணக்குல வந்தாங்க? ரெண்டு நாட்டு சென்சஸையும் பக்கத்துல வச்சு ஒரே ஊரா எண்ணினா தான் லா ஹுண்டால ஜனம் கூடுதா குறையுதான்னு சொல்ல முடியும். அப்படி யாரும் எண்ணுறதில்ல.

மழைக்காதலி:
அண்ணா, ரெண்டு பேர் சண்டையைத் தீக்க ஒரு வழி இருக்கு. பெரியவங்க ஃபாரம் நிரப்பாம விட்டாலும் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாம இருக்க மாட்டாங்க. பிரசிடியோ பள்ளி மாவட்டத்தோட மாணவர் எண்ணிக்கையை டெக்சாஸ் கல்வித்துறை வருஷா வருஷம் வெளியிடுது, 2010ல இருந்து 2020 வரைக்கும் எடுத்துப் பாத்தா அதுவும் நாலுல ஒரு பங்கு விழுந்திருக்கான்னு தெரிஞ்சுடும். விழலன்னா அக்கா சொன்னது, விழுந்திருந்தா எண்ணெய்வயல் சொன்னது.

எண்ணெய்வயல்:
நல்ல யோசனை. ஆனா ஓஹினாகால இருந்து தினம் பாலம் தாண்டி வர்ற பிள்ளைங்களும் அந்தக் கணக்குல கலந்திருக்கும், அதை எப்படிப் பிரிக்கிறது?

ஆஸ்டின்_அக்கா:
பிரிக்க வேண்டாம்ப்பா, வருஷா வருஷம் எவ்வளவு மாறுதுன்னு மட்டும் பாப்போம். நான் அந்த டேபிளை இறக்கி வைக்கிறேன், வரைபடப்பித்தன் நீங்க ஓஹினாகா பக்கத்து மெக்சிகோ சென்சஸை எடுங்க, அதுவும் 2010, 2020ன்னு இதே வருஷங்கள்ல தான் எடுத்திருக்காங்க.

வரைபடப்பித்தன்:
எடுக்கிறேங்க்கா. மெக்சிகோ பக்கம் ஓஹினாகாவை ஒட்டி இருக்குற கோயாமே, மனுவேல் பெனாவிதேஸ் பகுதிகள் ரெண்டையும் சேத்தே எடுக்கிறேன், ஆத்தோரம் அந்தப் பக்கமும் கிராமங்கள் காலியாகுதுன்னா கதை வேற மாதிரி போகும்.